நண்டு தொண்டியில, முடிவு வாஷிங்டன்லயும் ஜெனீவாவுலயும்: நம்ம சார்பாப் பேசுறது யாரு? (2025 கடைசியில ஓடின இழை)

தொண்டிக் கணக்கன் (இழையைத் தொடங்கியவர்)

நான் நண்டு எடுக்கிற செட்டுல கணக்கு எழுதுறவன். கம்பெனி பேரு வேண்டாம். 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா வரியை 50 சதவீதமா ஆக்கினதுல இருந்து செட்டுல நடக்கிறதைப் பாத்துக்கிட்டிருக்கேன். நீலக்கால் நண்டுக்கு விலையை இறக்கினாக. அதாவது புரியுது, அவிச்சு உடைச்ச சதை டப்பாவுல அடைச்சு அமெரிக்காவுக்குத்தான் முக்கியமாப் போகுது. ஆனா அதே வாரத்துல கணவாய்க்கும் இறக்கினாக. எங்க செட்டுக் கணவாய் போறது ஐரோப்பாவுக்கு. கேட்டா "அமெரிக்கா வரி தம்பி, தெரியாதா?"ன்னு பதில்.

இன்னொரு பக்கம், உலக வர்த்தக அமைப்புன்னு ஜெனீவாவுல ஒண்ணு இருக்கு. அங்க மீன்பிடி மானியத்தைப் பத்திப் பேச்சு வந்தா நம்ம மந்திரி எந்திரிச்சு "எங்க சிறு மீனவர்களோட வாழ்வாதாரம்"னு சொல்றாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தச் சிறு மீனவரு யாரு? அவர்கிட்ட யாராவது வந்து கேட்டாகளா? தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் யாரையாவது கூப்பிட்டு "இப்படி ஒரு ஒப்பந்தம் வருது, நீங்க என்ன சொல்றீக"ன்னு கேட்டதா யாருக்காவது தெரியுமா?

வர்த்தகக் கொள்கை எப்படி முடிவாகுது, அதுல யாரு கை ஓங்கியிருக்குன்னு விவரம் தெரிஞ்சவுக எழுதுங்க. கச்சத்தீவுக்குத் தனி இழை ஓடுது, அதை இங்க இழுக்க வேண்டாம்.

பாம்பன் பாலத்தடி

விலை வைக்கிறவன் முன்பணம் குடுத்தவன். டிரம்ப்பு இப்ப கிடைச்ச சாக்கு. கொரோனா வந்தப்ப கொரோனா. நாளைக்கு வரியைத் தூக்கிட்டாலும் ஏத்துவானான்னு பாரு. இதுக்கு ஜெனீவா எதுக்கு?

கேம்ப்காரர் (மண்டபம்)

பாம்பன் தம்பி சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுமை இருந்தால் படியுங்கள்.

அமெரிக்க வரியை ஒரு மனிதரின் கோபமாகப் பார்த்தால் கடல் உணவின் கதை விளங்காது. இறாலில் இந்தத் தகராறு 1989-லேயே தொடங்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, இழுவை மடியில் (படகு இழுத்துப் போகும் வலை) கடலாமை தப்பிக்கும் வழி வைத்தே ஆக வேண்டும் என்று அந்த நாட்டு அரசு தன் இறால் படகுகளுக்கு விதி போட்டது. லூசியானா மாநில மடிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். "எங்களுக்கு மட்டும் இந்தச் செலவு, வெளிநாட்டானுக்குக் கிடையாதா?" என்று கேட்டார்கள். அந்த மாநில செனட்டர்கள் அதையே பிடித்துக்கொண்டு, ஒரு செலவுச் சட்டத்துக்குள் 609 என்ற பிரிவைச் செருகினார்கள். ஆமை தப்பிக்கும் அந்த வழி, அதாவது ஆமை விலக்கு, இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்காது. ஆமையைக் காக்க நின்றவர்களும் தங்கள் சந்தையைக் காக்க நின்றவர்களும் ஒரே பக்கம் சேர்ந்த விசித்திரம் அது. முதலில் கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மட்டும் இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனதில் 1996-ல் உலகம் முழுவதற்கும் நீண்டது.

இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அதைப் பலர் நாம் ஜெயித்ததாகவே இன்றும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த அமர்வு, ஆமையைக் காக்க இப்படி ஒரு தடை போடலாம், ஆனால் நாட்டுக்கு நாடு பாகுபாடு காட்டி நடைமுறைப்படுத்தியது தவறு என்றது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியது. சட்டம் அப்படியே நின்றது. 2018-ல் நம் படகுகளில் ஆமை விலக்கு இல்லை என்று சான்றிதழை விலக்கிக்கொண்டார்கள். அதோடு நம் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு சாத்தப்பட்டது. போவதெல்லாம் பண்ணை இறால்தான். ராமேஸ்வரத்தில் மடி இழுத்து வரும் வெள்ளை இறாலுக்கு இந்த 50 சதவீதம் நேராகப் பொருந்தாது, ஏனென்றால் அது 2018-லிருந்தே அங்கே போகவில்லை.

பண்ணை இறாலுக்கு வேறு கதை. 2003 டிசம்பர் 31 அன்று, தெற்கு மாநில இறால் மீனவர்களின் கூட்டமைப்பு ஒன்று ஆறு நாடுகள் மீது மலிவு விலைக் குவிப்பு மனு (நியாய விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்ற புகார்) போட்டது. இந்தியாவும் அதில் உண்டு. 2005-ல் வரி வந்தது. அப்போது அங்கே பேர்ட் திருத்தம் என்று 2000-ல் கொண்டுவந்த சட்டம் இருந்தது. இப்படி வசூலாகும் வரியை அரசு வைத்துக்கொள்ளாது, மனுவை ஆதரித்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிடும். வழக்குப் போட்டால் காசோலை வீடு தேடி வரும் என்றால் யார்தான் போடமாட்டார்கள்? அது விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பு 2003-லேயே சொன்னது. சட்டத்தை ரத்து செய்ய 2006 ஆனது. அப்போதும் 2007 செப்டம்பர் வரை இறங்கிய சரக்கின் வரி பங்கிடப்பட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு 2024-ல், நம் அரசு ஏற்றுமதியாளருக்குத் தரும் சலுகைகளை மானியம் என்று காட்டி இன்னொரு வரி. பெரும்பாலான இந்திய நிறுவனங்களுக்கு 5.77 சதவீதம். இதற்கெல்லாம் மேல்தான் 2025-ன் 50 வந்து உட்கார்ந்தது. இறாலுக்கு எல்லாம் சேர்த்து 2025-ல் 58 சதவீதத்தைத் தாண்டியது.

அந்த 50-லும் பாதி வர்த்தகப் பேச்சு முறிந்ததற்கு, மறுபாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு. தொண்டி நண்டு எந்த எண்ணெயையும் வாங்கவில்லை. பழைய வரிகளுக்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஒரு கூட்டம் இருந்தது, மனு இருந்தது, விசாரணை இருந்தது, நம் ஏற்றுமதியாளர்கள் வக்கீல் வைத்து வாதாட முடிந்தது. புதிய வரிக்கு அது எதுவும் இல்லை.

சாயல்குடிச் சம்சாரி

ஐயா விவரமா எழுதியிருக்கீக. ஒண்ணு கேக்கணும். நம்ம நாடு மட்டும் கதவைத் திறந்தா போட்டிருக்கு? வெளிநாட்டு மீன் இங்க வந்தா 30 சதவீதம் சுங்கம். ஒப்பந்தம் போட்ட நாட்டுக்குத்தான் சலுகை. அவுக ஊர் மீனவனை அவுக காப்பாத்துறதை நாம எப்படித் தப்புன்னு சொல்றது?

நான் மானாவாரியில குண்டு மிளகாயும் கொஞ்சம் உளுந்தும் போடுறவன். 2023-ல மிளகாய்க்குப் புவிசார் குறியீடு குடுத்தாக, சந்தோசம். அதே வருசம் டிசம்பர்ல மஞ்சள் பட்டாணியை வரியில்லாம இறக்கிக்கலாம்னு கதவைத் திறந்துவிட்டாக. 2025 அக்டோபர் வரைக்கும் நீட்டிச்சுக்கிட்டே வந்தாக. அது வந்து விழுந்தா எல்லாப் பருப்பு விலையும் சேந்து படுக்குது. பட்டணத்துல பருப்பு விலை ஏறினா ஓட்டுப் போகும்னு டில்லிக்குப் பயம். சம்சாரிக்கு விலை விழுந்தா அந்தப் பயம் கிடையாது. வர்த்தகக் கொள்கைன்னா எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்.

கேம்ப்காரர்

சம்சாரி, உங்கள் கேள்வியோடு எனக்குச் சண்டை இல்லை. லூசியானா இறால்காரர்களில் கணிசமானவர்கள் 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து அகதியாகப் போன குடும்பங்கள். அவர்கள் கரையிலும் விலை விழுந்தது நிஜம். நான் சொல்ல வந்தது அவர்கள் கெட்டவர்கள் என்று அல்ல. அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, அதற்குக் காது கொடுக்கும் செனட்டர் இருக்கிறார், மனு போட ஒரு சட்ட வழி இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

இங்கே அதற்கு இணையாக என்ன இருக்கிறது? கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 1972-லிருந்து கொச்சியில் இருக்கிறது. ஏற்றுமதியாளர் சங்கமும் கொச்சியில். நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி 2024-25-ல் 62,408 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால், அந்த இறாலில் பெரும்பகுதி ஆந்திரப் பண்ணைகளிலிருந்து. ஆகவே வரி வந்ததும் ஆந்திர முதல்வர் இறாலுக்காக டில்லிக்கு எழுதினார். நம் முதல்வரும் எழுதினார், முதன்மையாகத் திருப்பூர் பனியனுக்காக. இரண்டுமே நியாயம்தான். இந்த இரண்டு கடிதத்துக்கும் நடுவில் நம் நண்டு விழுந்து காணாமல் போனது.

பாம்பன் பாலத்தடி

நண்டுக்குக் கடிதம் எழுத நண்டுக்கு ஓட்டு இருக்கணும்ல.

கீழக்கரைக் காக்கா (துபாயிலிருந்து)

இது புதுசு இல்லை தம்பிமாரே. 17-ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஒல்லாந்து (டச்சு) கம்பெனிக்காரன் கிழவன் சேதுபதியோட ஒப்பந்தத்துக்கு மேல ஒப்பந்தம் போட்டான். இந்தக் கரையில வேற யாரும் பெரிசா வியாபாரம் பண்ணக் கூடாது, தனக்கு மட்டும் உரிமை வேணும்னு கேட்டான். எதிர்ல நின்னது நம்மூர் சீதக்காதி மரைக்காயர், சேதுபதிக்கு நெருக்கமானவர். ஒரு வருசம் மரைக்காயர் கை மேல, இன்னொரு வருசம் ஒல்லாந்தான் கை மேல. சேதுபதி ரெண்டு பேரையும் வச்சுத் தன் காரியத்தைப் பாத்தாரு, ராசான்னா அப்படித்தான். ஆனா அந்தப் பேச்சுவார்த்தை ஒண்ணுலயும் சங்கு குளிக்கிறவன் உக்காந்ததா நான் படிச்சதில்லை.

தொண்டிக் கணக்கன்

காக்கா, நல்ல செய்தி. சீதக்காதிக்குத் தனியா ஒரு இழை போடுங்க, நானே வந்து படிப்பேன். இங்க ஜெனீவாவுக்கு வருவோம். மானிய ஒப்பந்தத்தைப் பத்தி யாருக்காவது தெரியுமா? செப்டம்பர்ல அமலுக்கு வந்துருச்சுன்னு பேப்பர்ல நாலு வரி பாத்தேன்.

வக்கீல் ஏர்வாடி

வந்துவிட்டது. 2001-ல் தோகாவில் தொடங்கிய பேச்சு. 2022 ஜூனில் ஜெனீவாவில் முதல் பாதி கையெழுத்துக்கு வந்தது. உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றதும் 2025 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை, ஆகவே இன்றைக்கு நம்மைக் கட்டாது. இதில் ஒரு வினோதமான பிரிவும் உண்டு. அமலுக்கு வந்த நான்கு ஆண்டுக்குள், அதாவது 2029 செப்டம்பருக்குள், இரண்டாம் பாதியும் முடிவாகாவிட்டால், பொதுக்குழு வேறு முடிவு எடுக்காத வரை ஒப்பந்தமே காலாவதியாகிவிடும்.

முதல் பாதியில் உள்ள தடைகள்: சட்டவிரோதமாக மீன் பிடிக்கும் படகுக்கு மானியம் கூடாது, அளவுக்கு மீறிப் பிடித்து வற்றிய இனங்களைப் பிடிக்க மானியம் கூடாது, மீட்கும் ஏற்பாடு இருந்தால் விலக்கு உண்டு, யாருடைய ஆளுகையிலும் இல்லாத ஆழ்கடலுக்கு மானியம் கூடாது. இரண்டாம் பாதிதான் பெரிய சண்டை. படகு கட்ட, இயந்திரம் வாங்க, டீசலுக்கு என்று மீன்பிடித் திறனைக் கூட்டும் எல்லா மானியத்தையும் அது தொடும். 2024-ல் அபுதாபி மாநாட்டில் அது முடியாமல் போனது. இந்தியாவின் வாதம், சீனாவும் ஐரோப்பாவும் பல பத்தாண்டுகள் மானியம் கொடுத்துப் பெரிய கப்பல் படையைக் கட்டிவிட்டு இப்போது எல்லோரும் நிறுத்துவோம் என்கிறார்கள். எங்களுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும். தூரக்கடல் படை வைத்திருப்பவர்கள் அந்த 25 ஆண்டும் மானியத்தை நிறுத்தட்டும். 2022-ல் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், இந்தியா ஒரு மீனவக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15 டாலர்கூடக் கொடுப்பதில்லை, சில நாடுகளில் அது பல்லாயிரம் டாலர் என்றார். அந்த ஒப்பீடு வலுவானது என்றே நினைக்கிறேன்.

கணக்கன் கேட்ட "யார் முடிவு செய்கிறார்கள்" என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகம் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 41-ஆவது இனம். ஒப்பந்தம் போடுவது 14. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது 57. மாநிலப் பட்டியலில் 21-ல் "மீன்வளம்" என்று ஒரே ஒரு வார்த்தை. ஒப்பந்தம் செல்லுபடியாக நம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை, அமைச்சரவை போதும். 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் இறாலுக்கு அங்கே வரி நீங்குகிறது, நல்ல விஷயம். அந்த ஒப்பந்தத்தை அங்கே நாடாளுமன்றத்தின் முன் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். இங்கே அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

இதைக் கேரளம் மட்டும் ஒரு முறை அரசியலாக்கியது. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தான 2009-ல், மீனும் மிளகும் ரப்பரும் அடிபடும் என்று அக்டோபர் 2 அன்று அங்கே ஆளும் கூட்டணியே மனிதச் சங்கிலி நடத்தியது. ஒப்பந்தம் நிற்கவில்லை. ஆனால் அந்த ஊர் மீனவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது.

விசைப்படகு ராமேஸ்வரம்

டீசலைத் தொடும்னு வக்கீல் சொன்னதுதான் எங்க வயித்துல புளியைக் கரைக்குது. ஒரு விசைப்படகுக்கு வருசத்துக்கு 19,000 லிட்டர் வரியில்லா டீசல் குடுக்கிறாக, எஞ்சின் வச்ச வல்லத்துக்கு 4,400. இது இல்லைன்னா மூணு நாள் டோக்கன் (கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு) வாங்கிப் போற தொழில் கட்டாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை. அப்பக் குடுக்கிற 8,000 ரூபாயையும் மானியம்னு எழுதிருவானுகளா? மந்திரி அங்க போய்ச் சண்டை போடுறது சரிதான். அந்த விசயத்துல நான் டில்லி பக்கம்.

மோர்ப்பண்ணை வத்தை

அதான் சொல்ல வந்தேன். ஜெனீவாவுல "சிறு மீனவர்"னு சொல்றது என்னைய. காப்பாத்துறது உன் டீசலை. எங்க வத்தைக்கு, சின்ன நாட்டுப்படகு, டீசல் எம்புட்டு, உன் மடிக்கு எம்புட்டு? நீயே கணக்குச் சொல்லிட்ட. நீ மடி இழுத்துச் சங்காயம்னு பொடிமீன் கழிசலையும் அள்ளி, எங்க நண்டு வலையையும் அறுத்துக்கிட்டுப் போவ. போன மாசம் எங்க ஆளுக்கு வலை போனதுக்கு யாரு நட்டஈடு குடுத்தா? உன் டீசலை நிறுத்துற ஒப்பந்தம் வந்தா எனக்கென்ன நட்டம்?

விசைப்படகு ராமேஸ்வரம்

உன் மீனும் என் மீனும் ஒரே ஏலத்துக்குத்தான் வருது மாப்ள. நான் கரையில நின்னா ஐஸ் கம்பெனி ஓடாது, லாரி வராது, உன் நண்டை யாரு வாங்குவா?

நெறியாளர்

வலை, நட்டஈடு பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மடி, நாட்டுப்படகு தகராறுக்கு இந்தத் தளத்தில் பழைய இழைகள் நிறைய உண்டு. மோர்ப்பண்ணையின் பதிவில் முதல் இரண்டு வரி இந்த இழையின் மையத்தைத் தொடுவதால் அந்தப் பதிவு மட்டும் நிற்கிறது. அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கேம்ப்காரர்

நான் சொல்கிறேன். மோர்ப்பண்ணைத் தம்பி கோபத்தில் சொன்னாலும் கொள்கையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் "சிறு மீனவர்" என்ற சொல்லுக்கு இந்தியா ஒரே எல்லை வைக்க விரும்பவில்லை. கரையிலிருந்து சில கடல் மைலுக்குள் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு என்று வரைவு வந்தபோது, எங்கள் பொருளாதாரக் கடல் எல்லையான 200 கடல் மைல் முழுவதற்கும் வேண்டும் என்று கேட்டது. குஜராத்துக்கும் கேரளத்துக்கும் அந்த 200-க்கு அர்த்தம் உண்டு. பாக் நீரிணையில் 200 மைல் எங்கே இருக்கிறது? ராமேஸ்வரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைல் போனால் எல்லைக்கோடு வந்துவிடும். மன்னார் வளைகுடாப் பக்கம் வேண்டுமானால் தெற்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

இனி ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். மற்றவர்கள் இதை ஏதோ சீனக் கப்பலுக்கு எழுதிய பிரிவு என்று கடந்து போய்விடுகிறார்கள். ஒரு படகு சட்டவிரோத மீன்பிடிப்பில் ஈடுபட்டது என்று யார் தீர்மானிப்பது? கொடிக்குரிய நாடு, அதாவது படகு பதிவான நாடு, தீர்மானிக்கலாம். வட்டார மீன்வள அமைப்பு தீர்மானிக்கலாம். கரையோர நாடும், தன் கடலுக்குள் நடந்ததைப் பற்றி, தீர்மானிக்கலாம். அப்படித் தீர்மானமாகி முறைப்படி அறிவிப்பும் வந்தால், மானியம் கொடுக்கும் நாடு அந்தப் படகுக்கோ அதை நடத்துபவருக்கோ மானியத்தை நிறுத்த வேண்டும். எவ்வளவு காலம்? தண்டனை நடப்பில் இருக்கும் வரைக்குமாவது.

நம் கரைக்கு இதை வைத்துப் பாருங்கள். இலங்கை 2017-ல் இழுவை மடியையே சட்டத்தால் தடுத்துவிட்டது. நம் படகுகளைப் பிடிக்கிறார்கள், அவர்கள் நீதிமன்றம் தண்டிக்கிறது, படகை அரசுடைமை ஆக்குகிறது. இன்றைக்கு அது மீனவர் பிரச்சினை, வெளியுறவுப் பிரச்சினை. இந்தியா இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் அதே தீர்ப்பு இங்கே டீசல் அட்டை வரை வந்து நிற்கும் வாய்ப்பு உண்டு என்பதுதான் அந்தப் பிரிவை நான் படித்த விதம். வளரும் நாடுகளுக்கு வழக்கிலிருந்து இரண்டு ஆண்டு விலக்கு இருக்கிறது. அது அந்த நாட்டின் சொந்தக் கடலுக்குள் செய்யும் தொழிலுக்கானது. டில்லி கையெழுத்தைத் தள்ளிப்போடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இது அதில் ஒன்றா என்று யாரும் வெளியே பேசியதில்லை. பேசினால் ராமேஸ்வரத்தில் என்ன நடக்கும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

விசைப்படகு ராமேஸ்வரம்

ஐயா சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு டீ குடிச்சேன். இன்னும் ஒண்ணு சேத்துக்குங்க. 2017-ல மடியை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போங்கன்னு திட்டம் போட்டாக. 80 லட்சம் ரூபாய்ப் படகு, அதுல எழுபது சதவீதம் மானியம், மத்திய சர்க்காரு அம்பது, மாநிலம் இருபது. மூணு வருசத்துல 2,000 படகுன்னு சொன்னாக, அதுக்குக் கிட்டக்கூட வரலை, அது வேற கதை. எல்லை தாண்டுற பிரச்சினையைத் தீக்கத்தான் அந்த மானியம். வக்கீல் சொல்ற இரண்டாம் பாதி வந்தா, புதுப் படகு கட்டக் குடுக்கிற காசைத்தான் முதல்ல நிறுத்தும். எல்லை தாண்டினாலும் மானியம் போகும், தாண்டாம இருக்கக் குடுத்த மானியமும் போகும். நாங்க எங்க போறது?

வக்கீல் ஏர்வாடி

இது நல்ல வாதம். நான் எந்த வரைவு அறிக்கையிலும் இப்படி ஒரு உதாரணத்தைப் பார்த்ததில்லை. ஜெனீவாவில் "25 ஆண்டு வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்பதற்குப் பதில், பாக் நீரிணைபோல இரண்டு நாட்டுப் படகும் முட்டிக்கொள்ளும் ஒடுங்கிய கடலில், படகைக் குறைக்கவும் முறையை மாற்றவும் தரும் மானியத்துக்கு விலக்கு என்று கேட்டால், மறுக்கிறவருக்குத்தான் சங்கடம். அப்படிக் கேட்க வேண்டுமென்றால் முதலில் "எங்களிடம் படகு அதிகம்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதை எந்த அரசும் சொல்லாது.

சின்னப்பாலம் தங்கச்சி

ரொம்ப நேரமாப் படிச்சிட்டிருக்கேன். டீசல், மடி, படகு. அண்ணன்மார் யாரும் இன்னும் கரையைப் பாக்கலை. எங்க அம்மா தீவுல மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கிறவுக. படகு மானியம் வந்தாலும் போனாலும் அவுகளுக்குச் சம்பந்தம் இல்லை. சித்தி மண்டபத்துல நண்டு உடைக்கிறாக, எடைக்குக் கூலி. ஆகஸ்டுக்கு அப்புறம் வேலை நாள் குறைஞ்சிருச்சு. அந்த 50 சதவீதம் முதல்ல விழுந்தது அவுக மேலதான். சர்க்காரு நிவாரணம்னு பேசினா ஏற்றுமதியாளர் வங்கிக் கடனுக்குத் தவணை தள்ளுறதைப் பத்திப் பேசுறாக. நண்டு உடைக்கிறவுக எந்தப் பட்டியல்லயும் இல்லை.

இன்னொண்ணு. நான் படிக்கிற இடத்துல சொன்னாக, 2026 ஜனவரி 1-ல இருந்து இன்னொரு அமெரிக்கச் சட்டம் வருதாம், கடல் பாலூட்டிப் பாதுகாப்புன்னு. யாராவது சொல்லுங்க.

தொண்டிக் கணக்கன்

அது எங்க செட்டுல ஒரு வருசமாப் பேசுறது தங்கச்சி. சட்டம் 1972-ல போட்டது. வெளிநாட்டு மீனுக்குப் பொருந்துற விதியை 2016-ல எழுதினாக, அப்புறம் தள்ளித் தள்ளி இப்ப வருது. வலையில ஓங்கில் (டால்பின்), திமிங்கிலம், ஆவுளியா (கடல்பசு) மாட்டிச் சாகாம இருக்க அவுக நாட்டுல என்ன விதியோ, அதுக்குச் சமமா நம்ம நாட்டுலயும் இருக்குன்னு ஒவ்வொரு தொழில் முறைக்கும் காட்டணும். காட்டலைன்னா அந்த முறையில பிடிச்சது உள்ள போகாது. இதுக்காக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரவுக நம்ம கடல்ல கணக்கெடுத்திருக்காக. ஐயா கேம்ப்காரருக்குத் தெரிஞ்சிருக்கும், அந்த நிலையம் முன்னாடி ரொம்ப வருசம் மண்டபத்துலதான இருந்துச்சு.

இதுல எனக்கு ஒரு நப்பாசை உண்டு. ஆவுளியாவுக்குன்னு 2022-ல பாக் விரிகுடாவுல காப்பகம் அறிவிச்சாக, 448 சதுர கிலோமீட்டர். வலையில மாட்டின ஆவுளியாவை அறுத்துவிட்டவுக நம்ம பக்கம் எத்தனையோ பேரு இருக்காக. அதையெல்லாம் தேதி போட்டு எழுதி வச்சா, நாளைக்கு நண்டு வலைக்கு அது ஒரு சாட்சி. இப்ப வனத்துறை சான்றிதழ் குடுக்குது, போட்டோ எடுக்குது, அதோட சரி. ஏற்றுமதி ஆணையத்துக்கு அந்தத் தாளு போகுதா?

மோர்ப்பண்ணை வத்தை

எழுதி வைக்கச் சொல்றது லேசு. ஆவுளியா மாட்டுச்சுன்னு சொன்னா "ஏன் அங்க வலை விட்ட"ன்னு கேஸ் போடுவாகன்னு பயந்து சொல்லாம விட்டவுகதான் அதிகம். வலையை அறுத்துவிட்டா வலைக்காசு கையில வரணும். அது வந்தா எழுதுவோம்.

சாயல்குடிச் சம்சாரி

இவ்வளவு பேசியும் கணக்கன் முதல்ல கேட்டதுக்குப் பதில் வரலையே. கணவாய் விலை ஏன் இறங்குச்சு?

பாம்பன் பாலத்தடி

நானே சொல்றேன். ஏலத்துல நாலு பேர் கேட்டா விலை நிக்கும். தொண்டியில கேக்குறது ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரும் பாதிப் படகுக்கு முன்பணம் குடுத்திருக்கான். வரி போட்ட அன்னிக்கு அவனுக்கு நண்டுல நட்டம், அதைக் கணவாயில எடுத்துக்கிட்டான். கணவாய்க்காரன் வேற எங்க போவான்? அமெரிக்காக்காரன் 50 போட்டா அதுல எம்புட்டு அமெரிக்காவுல சாப்புடுறவன் குடுக்கிறான், எம்புட்டு இறக்குமதி பண்றவன், எம்புட்டு நம்மாளுன்னு ஒரு பேரம் நடக்கும். அந்தப் பேரத்துல கடைசி ஆளு வத்தைக்காரனும் நண்டு உடைக்கிற அம்மாவும். அதுக்கு மேல தள்ளிவிட ஆளு இல்லை.

கேம்ப்காரர்

இந்த இழையில் நான் எழுதிய நீளமான பதிவுகளைவிட இது மேல். கூட்டுறவு நேரடியாக ஏலம் எடுத்த இடங்களில் இந்தத் தள்ளுதல் குறைவாக இருப்பதை வேறு கரைகளில் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் ஏர்வாடி

உலக வர்த்தக அமைப்பின் அடுத்த அமைச்சர் மாநாடு 2026 மார்ச்சில் கேமரூனின் யவுண்டேயில். இரண்டாம் பாதி மறுபடி மேசைக்கு வரும். அதற்கு முன் வர்த்தக அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டால், மாநில மீன்வளத் துறைதான் பதில் எழுதும். அந்தத் துறை மாவட்டத்தைக் கேட்க வைக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் மனு கொடுத்தால் பதிவாகும், பதில் கேட்கலாம். பெரிதாக எதையும் நான் உறுதி சொல்லவில்லை.

விசைப்படகு ராமேஸ்வரம்

சங்கத்துல பேசுறேன். ஆனா "படகு அதிகம்"னு ஒரு வரி இருந்தா எங்காளுக ஒருத்தனும் கையெழுத்துப் போடமாட்டான்.

மோர்ப்பண்ணை வத்தை

அந்த வரி இல்லைன்னா நாங்க போடமாட்டோம்.

சின்னப்பாலம் தங்கச்சி

நண்டு உடைக்கிறவுகளை ரெண்டு மனுவுலயும் எழுதுங்க.

தொண்டிக் கணக்கன்

சரி, ரெண்டு மனு. மூன்றாம் பிரிவை வக்கீலண்ணன் தமிழ்ல ஒரு பக்கத்துக்குள்ள எழுதிக் குடுங்க, ரெண்டுலயும் அதை முன்னால வைப்போம். விசைப்படகுக்காரவுக மனுவுல 2017 ஆழ்கடல் படகு விசயமும், நாட்டுப்படகுக்காரவுக மனுவுல டீசல் லிட்டர் கணக்கும் வலைக்காசும் வரட்டும். நண்டு உடைக்கிறவுக வேலை நாள் கணக்கு என் நோட்டுல ஆகஸ்டுல இருந்து இருக்கு, செட்டு பேரை எடுத்துட்டுத் தாரேன். தங்கச்சி, மண்டபத்துல சித்திகிட்டயும் கேட்டு வைங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி வரைவை இங்கயே போடுறேன்.

பாம்பன் பாலத்தடி

வெள்ளிக்கிழமை டோக்கன் நாள். சனிக்கிழமை போடு, நாங்க கரைக்கு வந்து படிக்கிறோம்.